ஒரு ஜோடிக்குத்தான் இடம்

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் "சரி" என்றேன். அந்தச் சரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடும், எனக்குக் கோபம் வந்துவிடும். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. மருமகள் கீர்த்தனாவும் படிக்கட்டும். உன் அம்மா இப்போதே பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். ஊரில் வேறு யார் படித்தாலும் எனக்குக் கவலையில்லை. உன் மாமனார் மட்டும் படிக்கக் கூடாது.

விஷயத்தை முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் உன் கம்பெனி உங்களுக்கெல்லாம் மருத்துவக் காப்பீடு போட்டுத் தருகிறது. அதில் நீ, கீர்த்தனா, குழந்தை, கூடவே பெற்றவர்கள் ஒரு ஜோடி. ஒரே ஒரு ஜோடி. உன்னைப் பெற்றவர்களைச் சேர்க்கலாம், இல்லையென்றால் கீர்த்தனாவைப் பெற்றவர்களைச் சேர்க்கலாம். இரண்டு பக்கமும் முடியாது. இங்கே ஒருவர் அங்கே ஒருவர் என்று கலந்தும் எடுக்க முடியாது. வருஷத்துக்கு ஒரு முறைதான் மாற்றலாம். நீ அவர்களைச் சேர்த்தாய். எங்களுக்கு வெளியில் டாப்-அப் பாலிசி எடுத்துத் தருகிறேன் என்றாய். அது நான் பேசிய பேச்சால் சிக்கலாகிப் போனது. அதனால் இந்த வருஷம் மாமாவை எடுத்துவிட்டு எங்களைச் சேர்க்கிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை சொன்னாய். சரி என்று சொல்லிவிட்டு உன் அம்மாவிடம் காபி கேட்டு வாங்கிக் குடித்தேன். அவ்வளவு ருசியான காபியை நான் சமீபத்தில் குடித்ததே இல்லை.

எனக்குப் பொறாமை. அதற்கு வேறு மரியாதையான பெயர் ஏதாவது வைக்கலாமா என்று யோசித்துப் பார்த்தேன். பெற்றவன் உரிமை என்று வைத்துப் பார்த்தேன், மனக்குறை என்று வைத்துப் பார்த்தேன். எதுவும் பொருந்தவில்லை. உன் மாமனார் மேல் எனக்குப் பொறாமைதான், அதுவும் உன் கல்யாணத்தன்றே ஆரம்பித்தது. அவர் போன் செய்தால் நீ நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து "சொல்லுங்க மாமா" என்கிறாய். நான் போன் செய்தால் "என்னப்பா" என்கிறாய். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். உடுமலையில் அவருக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. நீங்கள் போய் வரும்போதெல்லாம் கார் டிக்கி நிறைய இளநீர் ஏற்றி அனுப்புகிறார். திருப்பூரில் நான் எதை ஏற்றி அனுப்புவது? பனியன் கொடுத்தால் "இருக்குப்பா, போதும்" என்கிறாய். உன் பெண் முதலில் சொன்ன வார்த்தை, அம்மாவைப் பெற்றவரைக் கூப்பிடுகிற அப்புச்சி. அப்பாவைப் பெற்ற என்னைக் கூப்பிட வேண்டிய அப்பாரு என்பது குழந்தை வாய்க்குக் கஷ்டமான வார்த்தை என்று நீயே எனக்குச் சமாதானம் சொன்னாய். இப்போது அவள் யூடியூப் பார்த்து இங்கிலீஷில் பத்து மிருகங்களின் பெயர் சொல்கிறாள். அப்பாரு இன்னும் வரவில்லை.

அவருக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்தபோது நானும் உன் அம்மாவும் கோயம்புத்தூருக்குப் பார்க்க வந்தோமே, அதை நீ மறந்திருப்பாய். வெறும் கையோடு போகக் கூடாது என்று ஆரஞ்சுப் பழமும், கூடவே ஊத்துக்குளி நெய் ஒரு டப்பாவும் வாங்கினேன். நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் பண்ணியவருக்கு யாராவது நெய் வாங்கிக்கொண்டு போவார்களா என்று உன் அம்மா பஸ்ஸிலேயே திட்ட ஆரம்பித்தாள். சத்தியமாக நான் வேண்டுமென்று வாங்கவில்லை. கீர்த்தனா அதை வாங்கிச் சத்தமில்லாமல் பைக்குள் வைத்துக்கொண்டாள். நல்ல பெண். அவள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அவருக்குத் தனி ரூம். ஏ.சி., டி.வி., கூட இருப்பவர் படுக்க ஒரு நீளமான சோபா. அந்தச் சோபாவில் உன் லுங்கியும் லேப்டாப்பும் கிடந்தன. நீ லீவு போட்டு அங்கேயே தங்கியிருந்தாய். எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோது நான் இங்கே ஒரு நர்சிங் ஹோமில் ஆறு கட்டில் போட்ட வார்டில் படுத்திருந்தேன். துணி ரோல் தூக்கித் தூக்கி வந்த வினை அது. அப்போது உனக்கு வேலை புதுசு, லீவு இல்லை. பணம் அனுப்பினாய், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தாய், திங்கட்கிழமை விடியும் முன் கிளம்பினாய். உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை என்று எழுதப் போனேன். குறைதான் சொல்கிறேன். சொல்லிவிட்டுப் போகிறேன், விடு.

நாங்கள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது கவுண்டரில் இருந்த நர்ஸ் பெண், உன் மாமனார் பெயரைச் சொல்லி, "பேஷண்டோட பையன் யாருங்க?" என்று கேட்டது. நீ எழுந்து போனாய். அந்தப் பெண் ஏதோ விவரம் கேட்டது, நீ கார்டைக் காட்டினாய், கையெழுத்துப் போட்டாய். பையன் இல்லை, மருமகன் என்று நீ சொல்லவில்லை. பிறகு ரூமுக்குள் வந்து அந்தப் பெண் அவரிடமே, "உங்க பையன் உங்கள நல்லா பாத்துக்கறாருங்க" என்றபோது அவரும் திருத்தவில்லை, சிரித்துக்கொண்டார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அவருக்குக் கீர்த்தனா ஒரே பிள்ளை. பையன் இல்லாத குறை அவருக்கு அந்த ரூமில் தீர்ந்துபோனது. அந்தக் குறையை நான் என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

அவர் அதோடு விட்டாரா? தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்து, அதில் இருந்த கார்டை எனக்குக் காட்டினார். "மாப்ள கம்பெனி கார்டுங்க சம்பந்தி. கைக்காசு ஒண்ணும் போகலீங்க. இப்படி ஒரு மாப்ள யாருக்குங்க கெடைக்கும்?" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் என் பையனைப் பற்றி என்னிடமே, நான் அவனைப் பார்த்ததே இல்லை என்பதுபோல எடுத்துச் சொன்னார். உன் கம்பெனியில் அப்படி ஒரு கார்டு இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

லிப்ட் பக்கம் உன்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். நீ பொறுமையாகத்தான் சொன்னாய். மாமாவுக்குச் சர்க்கரையும் இருக்கிறது, இருதயக் கோளாறும் இருக்கிறது, வெளியில் எந்தக் காப்பீட்டுக் கம்பெனியும் அவரைச் சேர்க்காது. கம்பெனி குரூப் பாலிசியில் மட்டும்தான் ஏற்கனவே இருக்கிற நோய்க்கும் முதல் நாளிலிருந்தே கிடைக்கும். நீங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்கிறீர்கள், உங்களுக்கு வெளியில் கிடைக்கும் என்றாய். நீ சொன்ன காரணம் சரியான காரணம். எனக்குப் புரிந்தது. புரிந்தால் பொறாமை போய்விடும் என்று யார் சொன்னது? உடம்பை ஒழுங்காக வைத்திருந்ததற்கு எனக்குக் கிடைத்த பரிசு, வரிசையில் அவருக்குப் பின்னால் நிற்பது என்றுதான் எனக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகு நான் காப்பீட்டைப் பற்றிப் படித்தேன். படித்தது எங்களுக்காக இல்லை, அவருடையது எந்த விதத்தில் உசத்தி என்று தெரிந்துகொள்ளத்தான். ஆனால் படித்தது வீண்போகவில்லை, உனக்கும் ஒரு நாள் வயசாகும், கேட்டுக்கொள். எனக்கும் உன் அம்மாவுக்கும் பழைய பாலிசி ஒன்று இருக்கிறது இல்லையா? எடுத்த காலத்தில் அது பெரிய தொகை. இன்றைக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் அது ஐ.சி.யூ. வாசல் வரைக்கும்தான் வரும். அதற்கு மேல் ஆகிற செலவுக்குத்தான் டாப்-அப். அடியில் இவ்வளவு தொகை வரை நான் தர மாட்டேன், அதைத் தாண்டினால் தருகிறேன் என்கிற பாலிசி அது. அந்த அடித்தொகையும் பழைய பாலிசியின் தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். இடையில் சந்து விழுந்தால் அந்தச் சந்து நம் கையிலிருந்து போகும். இதிலும் சாதா டாப்-அப் ஒவ்வொரு அட்மிஷனையும் தனித்தனியாகப் பார்க்கும். சூப்பர் டாப்-அப் வருஷம் முழுக்க ஆன செலவைக் கூட்டிப் பார்க்கும். வயசானவர்கள் ஒரே தடவையில் பெரிதாகப் படுப்பதைவிடச் சின்னச் சின்னதாகப் பல தடவை படுப்பதுதான் வழக்கம். அதனால் எங்களைப் போன்றவர்களுக்குச் சூப்பர் டாப்-அப்தான் சரி.

வீட்டுக்கு வந்த ஏஜென்ட்டுகள் எல்லாரும் தொகையைத்தான் பெரிதாகச் சொன்னார்கள். நான் கட்டிங் மாஸ்டராக இருந்தவன். துணியை டேபிளில் விரித்து வெட்டும் முன், ஒரு துண்டைத் துவைத்துக் காயவைத்து எவ்வளவு சுருங்குகிறது என்று பார்ப்போம். அதைப் பார்க்காமல் வெட்டினால் எல் சைஸ் பனியன் ஒரே துவைப்பில் எம் சைஸ் ஆகிவிடும். பாலிசியிலும் நான் அதைத்தான் கேட்டேன், துவைத்தால் எவ்வளவு சுருங்கும் என்று. ஒருவருடையதில் ரூம் வாடகைக்கு வரம்பு இருந்தது. வரம்பைத் தாண்டிய ரூமில் படுத்தால் வாடகை மட்டும் இல்லை, டாக்டர் பீஸ் வரை எல்லாவற்றையும் அதே விகிதத்தில் குறைப்பார்களாம். இன்னொருவருடையதில் வயசானவர் என்றால் ஒவ்வொரு பில்லிலும் ஒரு பங்கை நாமே போட வேண்டும். உன் மாமனார் கார்டில் இது எதுவும் கிடையாது. அதையும் உன்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கடைசியில் நீயும் நானும் சேர்ந்து இந்தச் சுருக்கம் எதுவும் இல்லாத ஒரு சூப்பர் டாப்-அப்பைப் பிடித்தோம். பணம் கட்டுவதற்கு முன் காப்பீட்டுக் கம்பெனி டாக்டர் போனில் கூப்பிட்டு உடம்பைப் பற்றி விசாரிப்பார் என்றாய். கேட்டதற்குச் சுருக்கமாகப் பதில் சொன்னால் போதும், ரொம்ப இழுக்க வேண்டாம் என்றும் சொன்னாய்.

கூப்பிட்ட டாக்டர் ஒரு பெண். திருநெல்வேலிப் பேச்சு. நம் தெருவில் தையலுக்கு வந்து குடியிருக்கிற குடும்பங்கள் பேசுகிற மாதிரியே இருந்தது. உன் அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள், வீட்டில் நான் மட்டும்தான். "சொல்லுங்கய்யா, மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குதா?" என்று கேட்டது. வாங்குகிறது என்றேன். எவ்வளவு நாளாக என்று கேட்டது. இருமல் உண்டா, சளி உண்டா, நெஞ்சு இறுக்குமா, நடந்தால் நிற்கத் தோன்றுமா என்று ஒன்றன் பின் ஒன்றாகக் கேட்டது. அவசரப்படவே இல்லை. நான் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்து, "வேற என்னய்யா செய்யுது?" என்றும் கேட்டது. கண்ணு, நான் எல்லாவற்றையும் சொன்னேன். பஞ்சுத் தூசியில் நின்ற காலத்திலிருந்து வருகிற இருமலைச் சொன்னேன், குனிந்து எழுந்தால் தலை சுற்றுவதைச் சொன்னேன், முட்டி வலியைச் சொன்னேன். அதற்குச் சம்பந்தமே இல்லாமல், எங்கள் சம்பந்திக்கு ஆபரேஷன் ஆன கதையையும் சொன்னேன். போனை வைக்கும்போது எனக்கு மனது லேசாக இருந்தது. காட்டுவதற்கு உன் மாமனாரிடம் கார்டு இருந்தது, சொல்வதற்கு என்னிடமும் நாலு விஷயம் இருந்தது என்று ஒரு திருப்தி.

அந்தத் திருப்தி ஒரு வாரம் தாங்கவில்லை. நெஞ்சுப் படம், ரத்தம், மூச்சு எல்லாவற்றுக்கும் டெஸ்ட் எடுத்து அனுப்பு என்று காப்பீட்டுக் கம்பெனி சொல்லிவிட்டது. நீ போனில் கத்தினாய். "மாமாவுக்குப் போட்டியா நோயைச் சொல்லிட்டு வர்றீங்களாப்பா? இத்தன வருஷத்துல ஒரு நாளாவது மூச்சு வாங்குதுன்னு எங்கிட்ட சொல்லியிருக்கீங்களா?" என்றாய். நான் போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். இப்போது சொல்கிறேன். அந்தப் பெண்ணிடம் நான் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. பொறாமையில்தான் சொன்னேன், ஆனால் உண்மையைச் சொன்னேன். உன்னிடம் சொல்லவில்லை, ஏனென்றால் நீ கேட்கவில்லை. நீ கேட்பதெல்லாம் "நல்லா இருக்கீங்கல்ல?" என்றுதான். அதற்கு ஆமாம் என்பதைத் தவிர என்ன பதில் இருக்கிறது?

டெஸ்டில் வந்தது உனக்குத் தெரியும். குழாயில் ஊதச் சொன்னார்கள், நான் ஊதியது போதவில்லை. சுவாசக் குழாய் சுருங்கியிருக்கிறது, மருந்தை உறிஞ்ச வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். காப்பீட்டுக் கம்பெனியும் ஒரேயடியாக மறுக்கவில்லை. பிரீமியத்தை ஏற்றித் தருகிறோம், நுரையீரல் சம்பந்தமாகப் படுத்தால் மட்டும் சில வருஷங்களுக்குக் கிடைக்காது, மற்ற எல்லாவற்றுக்கும் உண்டு என்றது. இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நான் அன்றைக்கு "ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை" என்று சுருக்கமாகச் சொல்லியிருந்தால் பாலிசி சுலபமாக வந்திருக்கும். ஒரு நாள் மூச்சு முட்டிப் படுத்திருப்பேன். பழைய இருமலை ஏன் மறைத்தாய் என்று அவர்கள் கேட்டிருப்பார்கள், நீ கவுண்டரில் நின்று விழித்திருப்பாய். வயசானவர்களுக்குப் பாலிசி எடுக்கிற எந்தப் பிள்ளையும் அப்பா அம்மாவிடம் சுருக்கமாகப் பேசச் சொல்லக் கூடாது. நீட்டிப் பேசச் சொல்ல வேண்டும்.

ரிப்போர்ட்டைப் பார்த்த பிறகு உன் குரல் மாறிவிட்டது. அதுதான் ஞாயிற்றுக்கிழமை போன். கம்பெனி கார்டில் நுரையீரலுக்கும் முதல் நாளிலிருந்தே கிடைக்கும், அதனால் உங்களை அங்கே மாற்றிவிடுகிறேன், மாமாவுக்கு வேறு ஏதாவது பார்த்துக்கொள்ளலாம் என்றாய். வேறு ஏதாவது என்பது எதுவும் இல்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்துதான் சரி என்றேன். காபியைக் குடித்துக்கொண்டே, அடுத்த விசேஷத்தில் அவரைப் பார்க்கும்போது போனிலிருந்து கார்டை எப்படி எடுத்துக் காட்டுவது என்றுகூட யோசித்தேன். உன் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

புதன்கிழமை அவர் வந்தார். உடுமலையிலிருந்து பஸ்ஸில், ஒரு பையில் ஏழெட்டுத் தேங்காயோடு, சொல்லாமல் வந்தார். கீழே கேட் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். மாடிப்படியில் பாதி ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நானும் தினமும் அங்கேதான் நிற்கிறேன். அதே படி. எனக்கு அதுகூடப் பிடிக்கவில்லை, என் படியில் அவர் நிற்கிறார் என்று.

உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். சட்டையின் மேல் பொத்தானுக்கு மேலே தையல் போட்ட கோடு தெரிந்தது. கார்டை மாற்றப் போகிற விஷயத்தைக் கீர்த்தனா சொல்ல, அதைக் கேட்டுத்தான் வந்திருக்கிறார். சண்டை போடத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, நானும் பேச வேண்டியதையெல்லாம் மனதுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டேன். அவர் சொன்னார்: "மாப்ள உங்களச் சேர்க்கறது நாயமுங்க சம்பந்தி. அவரு உங்க பையனுங்க. எனக்கு ஆக வேண்டியது ஆயிப்போச்சு, நெஞ்சத் தொறந்து தெச்சும் முடிஞ்சுது. இனி நீங்க இருங்க. எனக்கு மறுபடி ஏதாச்சும்னா தோப்புல ஒரு பக்கத்தக் குடுத்துக்கறனுங்க. கார்ட மாத்தறதுக்கு எம்பொண்ணு மொகஞ்சுளிச்சான்னு நீங்க மனசுல வெச்சுக்காதீங்க, அதச் சொல்லத்தான் வந்தனுங்க."

உன் அம்மா சமையலறை வாசலில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். உள்ளே போகும்போது, எனக்குக் கேட்கிற மாதிரி, "என்ன மனுசன்" என்று சொன்னாள். இத்தனை வருஷத்தில் என்னைப் பற்றி அவள் ஒரு தடவை அப்படிச் சொல்லியிருப்பாளா? என் பையனின் சோபாத் தூக்கம் அவருக்கு, என் பேத்தியின் முதல் வார்த்தை அவருக்கு. இப்போது விட்டுக்கொடுக்கிற பெருமையையும் அவரே எடுத்துக்கொண்டு போகப் பார்க்கிறார். அதையும் நான் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்க முடியாது கண்ணு. எனக்குப் பெரிய மனது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்த நிமிஷம் வந்த வயிற்றெரிச்சலில்தான் என் வாய் திறந்தது.

"அதெல்லாம் வேண்டாமுங்க. நீங்களே இருங்க. அது நான் குடுக்கறதுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று உன் அம்மா பிடிவாதம் பிடித்து, உப்புக் குறைத்து அவருக்கென்று தனியாக ரசம் வைத்தாள். அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பஸ் ஏற்றிவிடக் கூடப் போனேன். திரும்பி வந்து படி ஏறினால் மூச்சு வாங்குமே என்று இறங்கும்போதே ஒரு நிமிஷம் நின்றேன். அவரும் நின்றார். "ஏனுங்க, உங்களுக்கும் வாங்குதுங்களா?" என்றார். ஆமாங்க என்றேன். "உறிஞ்சற மருந்து குடுத்தாங்களா? மறக்காம உறிஞ்சுங்க" என்றார். அந்தத் திருநெல்வேலிப் பெண்ணுக்கு அடுத்தபடியாக என்னிடம் அதைக் கேட்டவர் அவர்தான். அதிலும் உன்னை முந்திக்கொண்டார், பார்.

ஆகவே இதுதான் நீ செய்ய வேண்டியது. கம்பெனி கார்டில் அவரும் சம்பந்தியம்மாவும் இருக்கட்டும், கை வைக்காதே. ஏற்றிச் சொன்ன பிரீமியத்துக்கே எங்கள் சூப்பர் டாப்-அப்பை எடுத்துவிடு. எனக்கும் உன் அம்மாவுக்கும் தனித்தனியாக எடு. அவள் நுரையீரல் சுத்தமாக இருக்கிறது, என் தூசிக்காக அவள் கூடுதலாகக் கட்ட வேண்டியதில்லை. பழைய பாலிசியை ஒரு நாள்கூட விட்டுப்போகாமல் புதுப்பித்துக்கொண்டு இரு. அது போனால் மேலே இருப்பது அந்தரத்தில் தொங்கும். நுரையீரலுக்குக் கிடைக்காத இந்தச் சில வருஷங்களுக்கு நான் மருந்தை ஒழுங்காக உறிஞ்சிக்கொள்கிறேன். பழைய பாலிசி அதற்குக் கொஞ்சம் தாங்கும், அதற்கு மேலே வந்தால் நீ இருக்கிறாய். உன் அம்மாவிடம் இதையெல்லாம் கேட்டேனா என்று நீ கேட்பாய். கேட்டேன். அவள் சம்மதம் புதன்கிழமை ரசத்திலேயே தெரிந்துவிட்டது. இப்போது தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "ரசத்த எதுக்குங்க எழுதறீங்க" என்கிறாள்.

கீர்த்தனாவிடம், விட்டுக்கொடுத்தது நான்தான் என்று தெளிவாகச் சொல்லு. அவள் அவள் அப்பாவிடம் சொல்லட்டும். அவர் முதலில் விட்டுக்கொடுக்க வந்தார் என்கிற பகுதியை யாரும் பெரிதுபடுத்த வேண்டாம்.

இவ்வளவு எழுதிய பிறகும் எனக்குப் பொறாமை போய்விட்டதா என்றால் போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை. அதனால் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இன்றைக்கோ, இன்னும் சில வருஷம் கழித்தோ நானும் ஓர் ஆஸ்பத்திரியில் படுப்பேன். தனி ரூம் வேண்டாம், சோபா வேண்டாம், வார்டே போதும். கவுண்டரிலிருந்து ஒரு நர்ஸ் பெண் என் பெயரைச் சொல்லி, பேஷண்டோட பையன் யாருங்க என்று கேட்கும். அந்தப் பெண் கேட்டு முடிப்பதற்குள் நீ எழுந்திருக்க வேண்டும். அப்போது உன் மாமனாரையும் கூட்டி வந்து உன் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்திரு. நீ எழுந்திருப்பதை அவர் பார்க்க வேண்டும்.

உன் அப்பா